அந்த ஒரு தாள்

மூச்சு முட்டினால் நெஞ்சில் கோளாறு, பசி எடுக்காவிட்டால் வயிற்றில் கோளாறு என்று நாம் உடம்பைப் பேட்டை பேட்டையாகப் பிரித்து வைத்திருக்கிறோம். நோய்க்கு இந்த எல்லைகளெல்லாம் தெரிவதில்லை.

என் நண்பர் ஒருவர், அச்சகத்தில் புரூஃப் திருத்துகிறவர். பீடி, சிகரெட்டைக் கையால் தொடாதவர். ஒரு நாள் மாடிப்படி ஏறுகையில் பாதியில் உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரியில் பிராணவாயுக் குழாயுடன் படுத்திருந்தார். எக்ஸ்ரே படத்தில் நுரையீரல் சுத்தமாக இருந்தது. ஸ்கானிலும் பெரிய அடைப்பு எதுவும் இல்லை. இருதயத்தின் வலது பாகம் மட்டும், எதையோ தள்ள முடியாமல் தள்ளிச் சோர்ந்து, விரிந்து போயிருந்தது. நான்கே நாளில் போய்விட்டார்.

டாக்டர் பிரேதப் பரிசோதனைக்குச் சம்மதம் கேட்டார். "செத்தவனை இன்னொரு தடவை சாகடிக்கணுமா?" என்றார் நண்பரின் பெரியப்பா. நண்பரின் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, அப்பாவுக்கு என்ன வந்தது என்று நாளைக்குக் குழந்தைகள் கேட்டால் நான் என்னத்தைச் சொல்வேன்?"

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

வியாதி இரைப்பையில் இருந்தது. வெளியே தெரியாத புற்று. அதன் அணுக்கள் ரத்தத்தோடு இருதயத்துக்கு வந்து, அங்கிருந்து நுரையீரலுக்குப் போய், நூலிழை போன்ற ரத்தக் குழாய்களில் சிக்கிக்கொண்டன. அவற்றைச் சுற்றி ரத்தம் உறைந்தது. குழாய்களின் உட்சுவர் தடித்தது. காற்று வரும் வழி திறந்தே கிடக்க, ரத்தம் போகும் வழி அடைபட்டுவிட்டது. 1990-ல் ஜெர்மனியில் சில மருத்துவர்கள் இதற்குத் தனிப் பெயரிட்டு எழுதினார்கள். புற்றுநோயாளிகள் 630 பேரின் சடலப் பரிசோதனையில் 21 பேரிடம் இதைக் கண்டார்கள். இரைப்பைப் புற்றில்தான் இது அதிகம்.

உயிரோடு இருக்கையில் இதைக் கண்டுபிடிப்பது இன்றும் அபூர்வம். கண்டாலும் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். பிறகு தெரிந்துகொண்டு என்ன லாபம் என்று கேட்கலாம்.

காகிதத் தூசிதான் ஆளைத் தின்றது என்றார்கள் உறவினர்கள். பெண்டாட்டி சரியாகக் கவனிக்கவில்லை என்றும் முணுமுணுத்தார்கள். ஒரு வாரம் முன்னாடியே அழைத்துப் போயிருந்தால் பிழைத்திருப்பாரோ என்று அவளே நம்பத் தொடங்கியிருந்தாள். பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டர் அவளை உட்காரவைத்து, அரைமணி நேரம் நிதானமாக விளக்கினார். வீட்டுக்கு வந்து அந்தத் தாளை மடித்துப் பீரோவில் வைத்தாள். அன்று இரவு வெகு நாளைக்குப் பிறகு தூங்கினாள் என்று அவள் தாயார் சொன்னார்.

போனவரை எந்தப் பரிசோதனையும் மீட்டுத் தராது. ஆனால் இருக்கிறவர்கள் மீது சுமத்தப்பட்ட பழியை அது இறக்கிவைக்கும். அதற்காகவாவது அந்தக் கையெழுத்தைப் போடலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.