தலை கீழே, வால் மேலே... பள்ளிக்கரணையில் பறவைகளின் காமெடி டைம்!

பறவை போட்டோ என்றாலே இறக்கை விரித்த போஸ்தான் என்று நினைப்பவர்கள், சென்னை பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கு ஒருமுறை போய் வரலாம். துரைப்பாக்கம் - பல்லாவரம் ரேடியல் சாலையில் லாரிகள் உறுமிக்கொண்டு போக, பக்கத்திலேயே நடக்கிறது இந்தக் கூத்து. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வலசை சீஸன். வெயில் ஏறும் முன் போய்விடுங்கள்.

முதல் பரிசு ஊசிவால் வாத்துகளுக்கு. சமர்த்தாக நீந்திக்கொண்டிருக்கும் கூட்டம், திடீரென்று தலையைத் தண்ணீருக்குள் விட்டு, பின்பக்கத்தை வானத்துக்குக் காட்டும். அடியில் கிடக்கும் விதைகளுக்காகத்தான் இந்தத் தலைகீழ் ஆசனம். படத்தில் வாத்தே இருக்காது, வரிசையாக வால்கள் மட்டும்தான்!

நீலத்தாழைக்கோழி, கோரைத்தண்டை ஒரு காலால் பிடித்துக்கொண்டு குச்சி ஐஸ்போலக் கடிக்கும். பூநாரைகள் வந்திருந்தால் உங்களுக்கு லக். தலையைக் கவிழ்த்தபடி, நின்ற இடத்திலேயே மிதித்து மிதித்துச் சுற்றும். சேற்றைக் கலக்கி இரையைக் கிளப்பும் உத்தி அது. பார்க்க என்னவோ, தெரியாத பாட்டுக்கு ஆடும் கல்யாண வீட்டு மாமா மாதிரியே இருக்கும்.

மடையானுக்குக் குருட்டுக் கொக்கு என்றும் பெயர். கிட்டே போகும்வரை அசையாது என்பதால் வந்த பட்டம். மற்றபடி கண் படு ஷார்ப். சேற்று நிறத்தில் கல்லாக நிற்பது, எழுந்து பறந்தால் பளீர் வெள்ளையாகிவிடும்.

அந்த வெள்ளைச் சிறகு ஷாட்டுக்காகக் கல்லெறிகிறவர்களும் இருக்கிறார்கள். எரிச்சலாக இருக்கிறது. கல் விழுந்தால் எழும்புவது மடையான் மட்டுமல்ல, பக்கத்தில் மேயும் வாத்துகளும்தான். ஊசிவால் வாத்துகள் சீஸன் முடிந்ததும் வட ஆசியா வரை திரும்பிப் பறக்க வேண்டும். இங்கே மேய்ந்து சேர்க்கும் கொழுப்புதான் அதற்குப் பெட்ரோல். விரட்டும் ஒவ்வொரு முறையும் அது வீணாகிறது. 2022-ல் ராம்சர் அங்கீகாரம் பெற்ற இடம்தான். ஆனாலும் ஒருபக்கம் பெருங்குடி குப்பைக்கிடங்கு, மறுபக்கம் கட்டடங்கள். எழுந்து போய் வேறெங்கே உட்காரும்? தவிர, மிரண்ட பறவை காமெடி பண்ணாது. கழுத்தை நிமிர்த்தி முறைக்கும், அவ்வளவுதான்.

சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி, பாதையிலேயே பத்து நிமிஷம் அசையாமல் நில்லுங்கள். உங்களை மறந்துவிட்டு அவை வேலையைப் பார்க்கும். பெரிய லென்ஸ் இல்லையா? பைனாகுலர் வழியாக செல்போனிலேயே எடுக்கலாம்.

முக்குளிப்பானை மட்டும் நம்பாதீர்கள். ஃபோகஸ் கிடைத்த நொடியில் முங்கிவிட்டு, நீங்கள் பார்க்காத பக்கமாகத் தலையை நீட்டும்.