தாள்வழி வந்த தச்சாசான்

இங்கிலாந்து நாட்டில் தச்சுத் தொழில் பயில விரும்பிய சிறுவன், ஓர் ஆசானிடம் ஏழாண்டுகள் இருந்து பணி செய்தல் வேண்டும் என்று 1563-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று விதித்திருந்தது. பட்டறையைப் பெருக்குவதும், பசை காய்ச்சுவதும், உளி தீட்டுவதுமாகத் தொடங்கும் அவனுடைய கல்வி. உளியை அவன் தவறாகப் பிடித்தால், ஆசான் கைநீட்டித் திருத்துவார். 1814-ஆம் ஆண்டில் அவ்விதி நீக்கப்பட்டது. ஆலைகள் பெருகின, ஆசானும் மாணாக்கனும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த பழைய முறையும் மெல்ல மெல்ல அருகியது. இன்று இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ, பகலெல்லாம் அலுவலகத்தில் கணக்கு எழுதிவிட்டு, மாலையில் தன் வீட்டு மோட்டார்க் கொட்டகையில் ஒரு மேசை செய்து பார்க்க விழையும் ஒருவனுக்கு ஆசான் யார்? நெடுங்காலமாக அவ்விடத்தில் அமர்ந்திருப்பது திங்கள் இதழே. இக்காலத்தில் அசையும் படங்களும் அவனுக்குக் கற்பிக்கின்றன. ஆயினும், வேலைமேசையின்மீது விரித்து வைத்து, அளவைப் பார்த்து, மரத்தை அறுத்துவிட்டு, மீண்டும் பார்ப்பதற்கு இதழைப் போல் எளியது பிறிதொன்றில்லை.

இதழ்வழிக் கற்பிக்கும் முயற்சி புதியதன்று. இலண்டன் மாநகரில் அச்சுத் தொழிலும் பூகோள உருண்டை செய்யும் தொழிலும் நடத்திய ஜோசப் மாக்சன் என்பவர், 1678-ஆம் ஆண்டில் கைத்தொழில்களைப் பற்றிச் சிறு சிறு பகுதிகளாக எழுதி மாதந்தோறும் வெளியிடத் தொடங்கினார். கருமார் தொழிலை முதலில் விளக்கினார். தச்சும் கடைசலும் பின்னர் வந்தன. இதில் வியப்புக்குரியது ஒன்று உண்டு. கையின் நுட்பத்தைச் சொற்களால் கற்பிக்க இயலாது என்றும், பழகப் பழகவே அது கைவரும் என்றும் அவரே முன்னுரையில் ஒப்புக்கொண்டார். சரக்கை விற்பவரே அதன் குறையையும் எடுத்துரைத்து விற்பது அரிதினும் அரிது! கையின் நுட்பம் தாளில் வாராது என்பது மெய்யே. ஆனால், எந்தக் காரியத்தை ஏன் அவ்வாறு செய்ய வேண்டும் என்னும் அறிவு தாளில் வரும். இதழால் ஆவது அவ்வளவே. அதைச் செம்மையாகச் செய்யும் இதழ் எது என்று காண்பதுதான் கடினம்.

ஏனெனில், இதழ்கள் பல. இங்கிலாந்தின் ‘தி உட்வொர்க்கர்’ 1901-ஆம் ஆண்டில் தோன்றியது. அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்தில் 1975-ஆம் ஆண்டில் ‘ஃபைன் உட்வொர்க்கிங்’ தொடங்கியது. அயோவா மாநிலத்தில் 1979-ஆம் ஆண்டில் ‘உட்ஸ்மித்’ தொடங்கியது. இவற்றையடுத்து இன்னும் பல எழுந்தன. சில நின்றும் போயின. புதிதாகப் பயில்பவன் அட்டைப் படத்தைக் கண்டே மயங்குகின்றான். வாதுமை மரத்தில் வளைந்த கால்களோடு பளபளக்கும் நாற்காலி ஒன்று அதில் வீற்றிருக்கிறது. அவனிடம் இருப்பனவோ ஒரு ரம்பம், ஓர் இழைப்புளி, இரண்டு உளி, ஒரு கொட்டாப்புளி. அந்நாற்காலியைச் செய்வதற்கு அவனுக்குப் பத்தாண்டுப் பயிற்சி வேண்டும். அட்டையில் ஒரு சிறு முக்காலியைக் காட்டும் எளிய இதழை அவன் புறக்கணித்துவிட்டுச் செல்கின்றான். வருந்தத் தக்க தேர்வு இது.

நல்ல இதழை அறிய ஒரு சோதனை உண்டு. மேசை செய்யும் கட்டுரை எதையேனும் புரட்டி, மேற்பலகையை அடிச்சட்டத்தோடு எவ்வாறு பிணைக்கச் சொல்கிறார்கள் என்று பார்த்தால் போதும். மரம் வெட்டுண்ட பின்னும் ஓய்ந்திருப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை ஏற்று விரிகின்றது, வறட்சியில் சுருங்குகின்றது. நீளவாட்டில் இம்மாற்றம் இல்லையென்றே சொல்லலாம். அகலவாட்டிலோ கண்ணுக்குப் புலப்படும். மூன்றடி அகலமுள்ள ஓக் மரப் பலகை, ஈரம் மிகுந்த கோடைக்கும், வீட்டைச் சூடேற்றி வைக்கும் குளிர்காலத்துக்கும் இடையே கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை மாறக்கூடும். அத்தகைய பலகையைச் சட்டத்தின்மீது சுற்றிலும் பசை தடவி ஒட்டிவிட்டால் என்னாகும்? முதற்குளிர்காலத்திலேயே பலகை வெடிக்கும். அன்றேல் சட்டத்தின் மூட்டுப் பிளக்கும். அறிந்த தச்சர்கள் சட்டத்தின் உட்புறத்தில் ஒரு பள்ளம் வெட்டி, அதில் நுழைந்து நகரக்கூடிய சிறு மரக்கட்டைகளைப் பலகையின் அடியில் திருகாணியால் பிணைப்பார்கள். அல்லது திருகாணிக்கு வட்டத்துளைக்கு மாறாக நீள்துளை இடுவார்கள். பலகை விரியவும் சுருங்கவும் இடம் கிடைக்கிறது. இதனைச் செய்யுமாறு கூறி, காரணத்தையும் இரண்டு வரியில் விளக்கும் இதழை நம்பலாம். பசை தடவி இறுக்குக என்று மட்டும் எழுதும் இதழ், எத்துணை அழகிய தாளில் அச்சாகி வந்தாலும், கற்பவனுடைய மரத்தையும் பல வாரத்து உழைப்பையும் பாழாக்கும்.

படத்தைப் பற்றியும் ஒரு சொல். ஒளிப்படம் மேற்பரப்பையே காட்டும். துளைக்குள் கழுந்து எவ்வளவு ஆழம் சென்று அமர்ந்திருக்கின்றது என்பதை வரைபடமே காட்டும். சார்லஸ் ஹேவர்ட் என்பவர் 1939 முதல் 1967 வரை ‘தி உட்வொர்க்கர்’ இதழின் ஆசிரியராக விளங்கினார். அவர் தாமே பயின்ற தச்சர். எழுதவும் வல்லவர், வரையவும் வல்லவர். மூட்டை வெட்டிப் பிரித்து உள்ளமைப்பைக் காட்டும் அவருடைய கோட்டோவியங்கள், பத்துப் பக்கம் எழுதி விளக்க வேண்டியதை ஒரு பார்வையில் விளக்கிவிடும்.

ஒளிப்படத்தில் வேறோர் இடரும் உண்டு. மின்விசையால் சுழலும் வட்ட ரம்பத்தின் பற்களை மறைக்க ஒரு காப்பு மூடி இருக்கும். படம் தெளிவாக விழ வேண்டும் என்பதற்காக அதனைக் கழற்றிவிட்டுப் படம் எடுக்கும் வழக்கம் அமெரிக்க இதழ்களில் இருந்தது. அடியில் சிற்றெழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். கற்பவனோ குறிப்பைப் படிப்பதற்கு முன்னரே படத்தைப் பார்த்துவிடுகிறான். பார்த்தவாறே செய்யத் துணிகிறான். அருகில் நின்று தடுக்க ஆசான் இல்லை. பலகை வெடித்தால் வேறு பலகை வாங்கலாம். விரலை எங்கே வாங்குவது?

விளம்பரங்களைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. ‘உட்ஸ்மித்’ நெடுங்காலம் விளம்பரமே இன்றி வெளிவந்தது. பிற இதழ்கள் அவ்வருவாயைக் கொண்டே வாழ்கின்றன, அது குற்றமன்று. ஆனால், நல்ல உளியைத் தீட்டப் பழகாதவன் புதுப்பொறி வாங்கினால் தன் கைத்திறன் வளரும் என்று எண்ணுவதற்கு அப்பக்கங்களே பெரிதும் காரணம்.

ஐந்து இதழ்களுக்குச் சந்தா கட்டுபவன் ஐந்தையும் சாய்வு நாற்காலியில் படித்து முடிக்கின்றான். ஓரிதழை மட்டும் வாங்குபவன் அதிலுள்ள கழுந்து மூட்டு ஒன்றைக் கழிவுக் கட்டையில் பத்து முறை அறுத்துப் பார்க்க நேரம் பெறுகின்றான். அவ்வோரிதழும் புதியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஹேவர்ட் காலத்துக் கட்டுரைகள் இந்நூற்றாண்டில் அமெரிக்காவில் நூல்களாகத் தொகுத்து வெளியிடப்பட்டுள்ளன. கையால் கழுந்து அறுக்கும் முறை இன்றும் அவற்றில் உள்ளவாறே இருக்கின்றது. பழைய பிரதிகளைத் தேடி வாங்குவோரும் உளர். அவற்றுள் சிலவற்றின் ஓரத்தில் முன்பு வைத்திருந்தவர் பென்சிலால் அளவைத் திருத்தியிருப்பார். பக்கத்தின் நடுவே பசைக்கறை காய்ந்து கிடக்கும். அழுக்கேறிய பிரதி என்று கடைக்காரர் அதற்கு விலையைக் குறைத்துக்கொள்கிறார்.