இரண்டு கொப்பி

நெல்லியடிச் சந்தைக்குப் போய்த் திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. மார்கழி மழை, இலேசில் விடாது. கரவெட்டியில் தெரிந்த வீடொன்றின் விறாந்தையில் சைக்கிளோடு ஒதுங்கினேன். "இருங்கோ, விட்டாப்போலை போகலாம்" என்று ஆச்சி ஒரு கதிரையைக் காட்டினார். தேத்தண்ணி வந்தது. அதற்குப் பிறகு நான் இருப்பதை எல்லாரும் மறந்துபோனார்கள். ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த மகன் மேசையில் கமராக்களைப் பரப்பியிருந்தார்.

மூன்று கமரா. ஒன்று இந்த வீட்டுப் பழையது. போரில் மூடிக்கிடந்த ஏ9 பாதை திறந்தபின் அவர் முதன்முறை ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தது, 4 மெகாபிக்சல். புரட்டாதியில் வல்லிபுர ஆழ்வார் கோயிலின் கடல் தீர்த்தத்துக்குக் கொண்டுபோனதில், காற்றோடு வந்த மணல் லென்சுக் குழாய்க்குள் இறங்கிவிட்டது. அன்று பாதி வெளியே நீட்டியது இன்னும் அப்படியே நிற்கிறது. வடமராட்சிக் கரையில் கமரா வைத்திருப்பவர்களுக்கு மணல்தான் முதல் பகை, உப்புக் காற்று இரண்டாவது.

மற்ற இரண்டையும் மகன் இம்முறை கொண்டுவந்திருந்தார். ஒன்று கெனன். கனடாவில் அதன் பெயர் எல்ஃப் 360, இங்கே இக்சஸ் 285, 2016இல் வந்தது. மற்றது சோனி ஆர்எக்ஸ்100, 2012இல் வந்தது. அவர் சில வருடம் பாவித்தது. "ரெண்டிலை ஒண்டை இஞ்சை விட்டிட்டுப் போறன். எதெண்டு நீங்களே சொல்லுங்கோ" என்றார்.

கமரா கேட்டது மகனுடைய தங்கச்சிதான். போன வருடம் அவருடைய போன் பழுதாகி, இரண்டு வருடப் படங்கள் ஒன்றுகூட மீளவில்லை. தன் பெடியன் ஒரு கலியாண வீட்டில் தோழனாக நின்ற படம், தகப்பனின் கடைசிப் பிறந்தநாள், எல்லாம் அதற்குள் இருந்தன. சொல்லும்போது அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அந்தப் பெடியனுக்குப் பதினான்கு வயது இருக்கும். இரண்டு பெட்டியையும் திருப்பித் திருப்பிப் படித்தான்.

"மாமா, ரெண்டும் 20.2 மெகாபிக்சல்தானே. கெனன் 12 மடங்கு கிட்டக் கொண்டுவரும். சோனி 3.6 தான். அப்ப கெனன்தானே திறம்?"

மாமா பதில் சொல்லவில்லை. கெனனை அவன் கையில் கொடுத்தார். "அம்மம்மாவை எடு. பிளாஷ் போடாதை."

ஆச்சி வாசற்படிக்கு உள்ளே, சுளகில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். மழை இருட்டு. எங்கள் வீடுகள் வெயிலுக்கு ஒளித்துக் கட்டியவை. கூரை தாழ்ந்து, விறாந்தை ஆழ்ந்து, நடுப்பகலிலும் உள்ளே நிழல்தான். பெடியன் எடுத்தான். பிறகு சோனியால் எடுத்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூவரும் குனிந்தார்கள். நானும் கழுத்தை நீட்டிப் பார்த்தேன்.

முதல் படத்தில் ஆச்சியின் முகம் இருந்தது. விரல்கள் அசைந்து புகையாகியிருந்தன. இரண்டாவதில் விரல் தெரிந்தது, விரலுக்கும் காம்புக்கும் இடையில் அறுந்துகொண்டிருந்த இலை தெரிந்தது, புறங்கையின் நரம்பு தெரிந்தது.

"உள்ளுக்கை இருக்கிற சென்சர் பெரிசடா" என்றார் மாமா. விரல் நகத்தைக் காட்டி அளவு சொன்னார். கெனனில் அது ஏறத்தாழ 6.2 மில்லிமீற்றருக்கு 4.6. சோனியில் 13.2க்கு 8.8. பரப்பளவில் நான்கு மடங்கு. வயலென்று நினைத்தால், இரண்டிலும் ஒரே எண்ணிக்கை நாற்றுத்தான். ஒன்றில் நெருக்கி நட்டிருக்கிறது, மற்றதில் ஒவ்வொன்றுக்கும் நாலு மடங்கு நிலம். லென்சின் வாயும் அப்படியே: தூரத்தைக் கிட்டக் கொண்டுவராமல் அகலமாக எடுக்கும்போது சோனியில் எஃப் 1.8, கெனனில் எஃப் 3.6. அதிலும் நாலு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். வெயிலில் வைத்து எடுத்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் காணமாட்டோம். ஆனால் குடும்பப் படம் என்பது வெயிலில் எடுப்பதா? குசினியில், சாமியறை வாசலில், பாயில் படுத்திருக்கும் குழந்தைக்குப் பக்கத்தில் எடுப்பது. மெகாபிக்சலை எண்ணிக் கமரா வாங்குகிறவர்களுக்கு இந்த விறாந்தையில் அரை மணித்தியாலம் இருக்கக் கிடைக்கவேண்டும்.

பெடியன் விடவில்லை. "தை பிறந்தா இல்ல விளையாட்டுப் போட்டி. நான் ஓடேக்கை இதாலை எடுக்கேலாது." நியாயமான மறுப்பு. மைதானத்தின் அந்தக் கரையில் ஓடுகிறவனைப் பிடிக்கக் கெனனின் 12 மடங்குதான் உதவும். தாய் அவனைப் பார்த்தார். "நான் கயிற்றடிக்கு வந்து நிக்கிறன். அது காணும்."

இதுவரை ஆச்சி ஒன்றும் பேசவில்லை. சுளகைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து வந்து, "இதுக்கு என்ன பற்றரி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எனக்குச் சிரிப்பைத் தரவில்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்கு வரத் தடையான பொருள்களில் பற்றரியும் ஒன்று. மின்சாரமும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்ட தலைமுறை. எந்தச் சாமானைக் கண்டாலும் அது எதைத் தின்று உயிர் வாழும் என்றுதான் முதலில் கேட்பார்கள். சோனியைப் பழைய போன் வயராலேயே சார்ச் பண்ணலாம் என்று மகன் காட்டினார். கெனனுக்குப் பற்றரியைக் கழற்றித் தனிச் சார்ச்சரில் போடவேண்டும். ஆச்சி இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தார். கெனன் 150 கிராம்கூட இல்லை, சோனி 240. "இது வழுக்குது" என்றார் சோனியை. உண்மைதான், அதன் முன்பக்கம் பிடிப்பில்லாத வழுவழுப்பு. மகள் உடனே கெனனின் கைவாரைக் கழற்றிச் சோனியில் கொழுவினார்.

ஆச்சி உள்ளே போனார். இரும்பு அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு பிஸ்கட் ரின்னோடு வந்தார். அதற்குள் உறை, உறைக்குள் ஒரு படம். கறுப்பு வெள்ளை. மனிதர் ஒருவர் வேட்டியோடு கதிரையில். பின்னால் ஆச்சி, அப்போது ஆச்சியல்ல. முன்னால் அரைக் காற்சட்டையோடு இந்த ரொறன்ரோ மகன்.

அதன் கதை எனக்கு முன்பே தெரியும், ஊருக்கே தெரியும். 1987 வைகாசி 26ஆம் திகதி வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது இந்தக் குடும்பம் உடுத்த உடுப்போடு போனது. திரும்பி வந்தபோது கூரை இல்லை, அலுமாரி இல்லை, அல்பம் இல்லை. கலியாணப் படம் முதற்கொண்டு ஒன்றும் மிஞ்சவில்லை. இந்த ஒன்று மட்டும் மிஞ்சியதற்குக் காரணம், இதன் இன்னொரு கொப்பியை எண்பத்திரண்டில் லண்டனிலிருந்த ஆச்சியின் தம்பிக்குத் தபாலில் அனுப்பியிருந்ததுதான். அவர் வைத்திருந்து திருப்பி அனுப்பினார். கொடுத்தது மிஞ்சிற்று, வைத்திருந்தது போயிற்று. யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகளின் பழைய முகங்கள் இப்படித்தான் வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்தன.

ஆச்சி படத்தைச் சோனிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதிலை எடுக்கிறதை இப்பிடி மட்டையிலை போடலாமோ?"

"ஓமம்மா. கார்ட்டைக் கழட்டி நெல்லியடியிலை ஸ்ரூடியோவிலை குடுத்தாப் போட்டுத் தருவாங்கள்."

நாலுக்கு ஆறு அங்குலப் படம் ஒன்றுக்கு ஏறக்குறைய 22 இலட்சம் புள்ளி போதும். 2 மெகாபிக்சலுக்குச் சற்றே மேல். மணல் தின்ற அந்தப் பழைய கமராவே அதைத் தாராளமாகத் தந்திருக்கும். அதில் எடுத்த படங்கள் எங்கே என்று பெடியன் கேட்டான். தாய், கமராவின் வயிற்றைத் திறந்து, தீப்பெட்டி அகலத்தில் ஒரு கார்ட்டை எடுத்தார். "இதுக்கை இருக்கும். இதைப் போட இப்ப ஒருத்தரிட்டையும் ஒண்டுமில்லை." மகன் அதை வாங்கிக் கடதாசியில் சுற்றினார். அங்கே கொண்டுபோய் இறக்கலாம் என்றார்.

"எத்தினை கொப்பி போடலாம்?" ஆச்சி இன்னும் அந்தக் கேள்வியிலேயே நின்றார்.

"எத்தினை வேணும்? நூறும் போடலாம்."

"நூறு வேண்டாம். ரெண்டு போடுங்கோ." கொஞ்சம் யோசித்தார். "ஒண்டு இஞ்சை இருக்கக்கூடாது."

மழை விட்டிருந்தது. தாவாரத்தில் சொட்டுவது மட்டும் கேட்டது. மகன் சோனியிலிருந்து கார்ட்டைக் கழற்றினார். முருங்கையிலை உருவும் அந்தப் படம் அதில்தான் இருந்தது. அதைத் தன் சட்டைப்பைக்குள் வைத்துத் தெறியைப் பூட்டிவிட்டு, கமராவுக்கு வேறு கார்ட் தேடத் தொடங்கினார்.