யாருடைய வியர்வை?

எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் முதலில் ஓடுபவன் நான்தான். வாசலில் துவிச்சக்கர வண்டியின் மணியோசை கேட்டதும் அம்மா வந்தவரை முகமலர்ச்சியோடு அமரச் செய்வார், பின்னர் அடுக்களைப் பக்கமாக வந்து என் காதோடு, "மனே, ஓடிப்போய் ஒரு சோடா வாங்கித்து வா. கொப்பியில எழுதச் சொல்லு" என்பார். கோமாரியின் பிரதான வீதியோரத்திலிருந்த அக்கடையின் கடன் கொப்பியில் எங்கள் குடும்பத்தின் கௌரவம் போத்தல் போத்தலாக எழுதப்பட்டு வந்தது. கிராம சேவகர் வந்தால் ஒரு போத்தல். பாடசாலை ஆசிரியர் வந்தால் ஒரு போத்தல். மூத்த அக்காவைப் பெண்பார்க்க வந்தவர்களுக்கு ஏழு போத்தல்கள். அந்தச் சம்பந்தம் முறிந்துபோயிற்று. ஏழு போத்தல்களின் கடன் மட்டும் அடுத்த வேளாண்மை அறுவடைவரை நிலைத்து நின்றது.

போத்தலின் அடியில் இரண்டு விரற்கடை மிச்சம் வைத்துப் போகும் பெருந்தகையாளர் யார், ஒரு சொட்டும் விடாது உறிஞ்சிவிடும் கொடியவர் யார் என்று ஊராரை நாங்கள், பிள்ளைகள், இரு சாதியாகப் பிரித்து வைத்திருந்தோம். இன்று எண்ணும்போது சிரிப்பு வருகிறது. ஆயினும் அந்தச் சிரிப்பின் அடியிலே ஒரு கசப்புத் தங்கியிருக்கிறது. கிணற்றடியில் தேசி மரம் காய்த்துக் குலுங்கிற்று. வேலியோரத் தென்னையில் இளநீர் தொங்கிற்று. எனினும், தன் வளவில் விளைந்ததை வந்தவர் கையிற் கொடுப்பதற்கு என் தாய் கூசினார். வறியவன் தன் வறுமையை மறைப்பதற்குச் செலுத்தும் வரியைப்போன்ற கொடிய வரி வேறொன்றுமில்லை.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி கடல் எழுந்து வந்து எங்கள் கிராமத்தை அள்ளிக்கொண்டு போயிற்று. அப்போது எனக்குப் பதினான்கு வயது. கூடாரத்தில் வாழ்ந்த அந்த மாதங்களில், கணக்கெடுக்கவும் படம் பிடிக்கவும் பலர் வந்தனர். கடையும் இல்லை, கடன் கொப்பியும் இல்லை. ஒருநாள் வந்த இருவருக்கு அம்மா தேசிக்காயைப் பிழிந்து, நிவாரணச் சீனியும் ஒரு சிட்டிகை உப்பும் இட்டு, பிளாஸ்திக் கோப்பையில் நீட்டினார். அவர்கள் கோப்பையைப் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்தார்கள், புன்னகையோடு மறுத்துவிட்டார்கள். அந்த நீரில் அவர்களுக்கு ஐயமிருந்திருக்கலாம். அதில் நியாயமும் இருந்திருக்கலாம். ஆனால் வீட்டையும் வாசலையும் பறிகொடுத்தபோது நிலத்தில் விழுந்து கதறிய என் தாய், அன்றைக்குக் கதறவில்லை. கோப்பையோடு திரும்பி வந்து, அதை எனக்குத் தந்துவிட்டு, கூடாரத்தின் மூலையில் நெடுநேரம் பேசாதிருந்தார்.

இவ்வளவையும் நான் நினைத்துப் பார்க்க நேர்ந்தது சென்ற ஆகஸ்ட் விடுமுறையிலேதான். என்னோடு பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்ற நான்கு நண்பர்கள் எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தனர். கல்முனையிலிருந்து இருவர், அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர், மலைநாட்டிலிருந்து ஒருவர், எல்லோரும் ஆசிரியர்களே. பெரிய சோடாப் போத்தல்கள் வாங்கும் எண்ணத்தோடு பொத்துவில் கடைத்தெருவில் நின்றேன். இத்தனை படித்தும் என் கால்கள் பழைய திசையிலேயே ஓடியிருந்தன என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

"சேர்!" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பினேன். என் பழைய மாணவன். அவன் பெயரை இங்கு எழுதப்போவதில்லை. எழுதத் தகுதியும் எனக்கில்லை. 2018இல் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையோடு அவன் படிப்பை நிறுத்தி, அறுகம்பையில் ஒரு விடுதிக்கு வேலைக்குப் போகப் போவதாகச் சொன்னபோது, வகுப்பிலுள்ள நாற்பது பிள்ளைகளின் முன்னிலையில், "வெள்ளைக்காரனின் எச்சிற் குவளை கழுவவா உனக்குத் தமிழ் கற்பித்தேன்?" என்று கேட்டவன் நான். அவனுடைய வாப்பா கடற்றொழிலில் முதுகெலும்பு நொறுங்கிப் படுக்கையில் கிடந்தார் என்பது எனக்குப் பின்னரே தெரிந்தது. தெரிந்த பின்னரும் நான் அவனைத் தேடிப் போகவில்லை.

எதற்காகக் கடைத்தெருவில் நிற்கிறேன் என்பதைக் கேட்டறிந்த அவன் சிரித்தான். "சோடா என்னத்துக்கு சேர்? உங்கட வளவுக்குள்ளயே எல்லாம் கிடக்கும். நான் வந்து கலந்து தாறன்" என்றான். அன்று அவனுக்கு ஓய்வுநாள். அந்த ஓய்வுநாளைத்தான் அவன் எனக்குத் தந்தான்.

அடுக்களையில் அவன் செய்ததைக் கூறுகிறேன். கூறுவதற்கு அதிகமில்லை; அதுவே அதன் அழகு. ஒரு கோப்பைச் சீனிக்கு ஒரு கோப்பை நீர் விட்டு, தட்டிய நன்னாரி வேரும் நசுக்கிய இஞ்சியும் இட்டுக் கொதிக்கவைத்து, வடித்து ஆறவிட்டான். அந்தப் பாகுதான் அடிப்படை. ஒரு பங்கு பாகு, ஒரு பங்கு தேசிப்புளி, நாலு பங்கு இளநீர், ஒரு சிட்டிகை உப்பு; இதுவே அவனுடைய கணக்கு. இனிப்பும் புளிப்பும் நிறையொத்து நின்றால் மற்றவையெல்லாம் தாமாகவே அமையும் என்றான். விடுதியிலுள்ள வெள்ளிநிறக் கலத்துக்குப் பதிலாக அம்மாவின் பழைய ஜாம் போத்தல் வந்தது. அதில் இவற்றை ஐஸ்கட்டிகளோடு இட்டு மூடி, பதினைந்து எண்ணும்வரை குலுக்கினான். குலுக்கும்போது பனிக்கட்டி சிறிது கரைந்து கலவையின் கடுமையைத் தணிக்கிறது. காற்றுப் புகுந்து நுரை கட்டுகிறது. குளிர் சமமாகப் பரவுகிறது. சோடா சேர்ப்பதானால் குலுக்கிய பின்னரே சேர்க்கவேண்டும், இல்லையேல் மூடி பறந்துவிடும் என்று எச்சரித்தான். குவளைகளின் விளிம்பைத் தேசித் துண்டினால் நனைத்து, உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த தட்டிலே கவிழ்த்து எடுத்தான். தெருவோரத்தில் மாங்காய்க் கீற்றுக்குத் தூவும் அதே உப்பும் தூளும்! ஊறிப் பருத்த கசகசாவை ஒரு கரண்டி மேலே மிதக்கவிட்டு, ஒரு புதினாத் தளிரை உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டிச் செருகினான். பாகு ஆறுவதற்கு எடுத்த நேரத்தை விட்டால், முழு வேலையும் பத்து நிமிடம்.

"இதுக்கு விடுதியில என்ன விலை தெரியுமா சேர்?" என்று கேட்டான். அவன் சொன்ன தொகை அவனுடைய ஒருநாட் கூலியை எட்டித் தொட்டது.

நான் தமிழ் ஆசிரியன். சொல்லைக் கண்டால் விளக்காமல் இருக்க மாட்டேன். கொக்டெயில் என்னும் சொல்லுக்கு 1806இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை தந்த விளக்கம் சாராயம், சீனி, நீர், கசப்பு ஆகியவற்றின் கலவை என்பது என்றேன். அதற்கும் முன்னதான 'பஞ்ச்' என்னும் பானம், பதினேழாம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் நம்மவரிடம் கற்றுச்சென்றது. சாராயம், சீனி, தேசிப்புளி, நீர், வாசனைத் திரவியம் என ஐந்து பொருள் கூடியமையால் நமது 'பஞ்ச' என்னும் சொல்லே அதன் பெயராயிற்று என்பது பலரும் கொண்ட கருத்து. சர்பத்தும் சிரப்பும் 'குடித்தல்' எனப் பொருள்படும் அரபு வேரிலிருந்து பிறந்தவை. 'ஜூலெப்' பாரசீகத்தின் 'குலாப்', அதாவது பன்னீர். அல்கஹோல் என்பதே கண்ணுக்கிடும் சுறுமாவைக் குறித்த அரபுச் சொல். அரக்கு என நாம் வழங்கும் சாராயத்தின் பெயரோ 'அரக்' என்னும் அரபுச் சொல். வாலையிலே துளித்துளியாக வடிவதைக் கண்டு அவர்கள் அதற்கு வைத்த பெயரின் பொருள் வியர்வை.

அவன் போத்தலைக் கழுவிக்கொண்டே கேட்டிருந்தான். பிறகு தலை நிமிராமலே, "வியர்வை எண்டுதான் பேர் வைச்சிருக்காங்க சேர். ஆருட வியர்வை எண்டு சொல்லல்லயே" என்றான்.

பல்கலைக்கழகத்தில் நான்காண்டு பயின்றும் எனக்குத் தோன்றாத கேள்வி அது. கைத்தொலைபேசித் திரையில் இன்று 'வீட்டிலேயே, குறைந்த முயற்சியில், விருந்தினரை வியக்கவைக்கும் பானம்' என்று நாள்தோறும் வித்தை காட்டுகிறார்கள். யாருடைய முயற்சி குறைகிறது? கலப்பவருடைய முயற்சி மட்டுமே. களுத்துறை, வாதுவைக் கரையோரங்களில் தென்னைகளின் உச்சிகளை இணைத்துக் கட்டிய தும்புக் கயிறுகளின்மீது நடந்து, பாளை சீவிக் கள் சேர்க்கும் தொழிலாளியின் முயற்சி குறையவில்லை. ஆங்கிலத் துரைமார் ஜின்னோடு கலந்து பருகிய தொனிக் நீரின் கசப்பு, சிங்கோனா மரப்பட்டையின் கசப்பு. 1861இல் ஹக்கலைத் தோட்டம் தொடங்கப்பட்டதே அந்த மரத்தை இங்கே பயிரிடுவதற்காகத்தான். கரீபியன் தீவுகளின் ரம்முக்கும் சீனிக்கும் பின்னால் ஆபிரிக்க அடிமைகளின் முதுகுத் தழும்புகள் இருக்கின்றன.

அவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் மாவட்டத்துக்கே வருவோம். 1912இல் கொழுந்துவிட்ட மதுவிலக்கு இயக்கத்தில் முன்னின்றவர்களுள் டி. எஸ். சேனாநாயக்கா ஒருவர். அவரே பிரதமராக இருந்து 1949இல் தொடக்கிய கல்லோயாத் திட்டத்தின் நிலத்தில் ஹிங்குராணைக் கரும்பு விளைந்தது; சீனி ஆலை எழுந்தது. சீனி பிரிந்தபின் எஞ்சும் பாகிலிருந்து மதுசாரம் வடிந்தது. மதுவிலக்காளர் தேக்கிய நீர் இறுதியில் மதுவாயிற்று! அத்திட்டத்தின் குடியேற்றங்கள் இக்கரையோரத் தமிழ், முஸ்லிம் மக்களின் வாழ்வில் விட்டுச்சென்ற காயங்களைச் சொல்லப் புகுந்தால் அது வேறொரு கட்டுரையாகும். ஆனால் கரும்பின் சுணையில் கை கிழிபடும் வெட்டுத் தொழிலாளிக்கு இனமென்ன, மொழியென்ன? அவனுடைய மாலைப்பொழுதுக்குக் கிடைப்பது விடுதியின் கண்ணாடிக் குவளையன்று. கண்ணையும் ஈரலையும் கெடுக்கும் கசிப்பு. என் தந்தை அதற்கே இரையானார். ஆகவேதான் மதுக்குவளை என்றாலே என் நெஞ்சு இறுகிப்போகும். அந்த இறுக்கத்தையே நான் அன்று அந்தப் பிள்ளையின்மேல் வீசியெறிந்தேன்.

அவனோ அந்த மதுவை ஒரு துளியேனும் நாவில் வைத்தவனல்லன். "ருசி பார்க்கமாட்டன் சேர், ஹராம். அளவாலதான் செய்யிறன்" என்றான். பிறர் நாவுக்காகக் கலந்து, அவர்கள் முகத்தைப் பார்த்தே ருசியை அறிந்து ஏழாண்டு தொழில் செய்திருக்கிறான். ஏப்ரலிலிருந்து ஒக்டோபர்வரை அலை எழும் பருவத்தில் வேலை. மற்ற மாதங்களில் களப்பில் இறால். நியமனக் கடிதமில்லை, சேமலாப நிதியில்லை. 2019 ஏப்ரல் 21இன் குண்டுவெடிப்புக்குப் பின் விடுதி வெறுமையாயிற்று, 2020இல் கொள்ளைநோய், 2022இல் எரிபொருளும் எரிவாயுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் இவனைப் போன்றவர்களே. ஆண்டு முழுவதும் சம்பளம் பெறும் நான்தான் இவனுக்கு உழைப்பின் இழிவைப் போதித்தேன்.

நண்பர்கள் வந்தனர். குவளைகளைக் கண்டு வியந்தனர். "எங்கே வாங்கினீர்?" என்றார் கல்முனை நண்பர். ஒரு மிடறு பருகிய மலைநாட்டு நண்பர், சீனியைத் தொட்டுத் தேயிலை குடித்த தம் லயத்து வாழ்வை நினைவுகூர்ந்தார். பேச்சு வளர்ந்தது. சற்று நேரங்கழித்துத்தான் கவனித்தேன்: என் மாணவன் தட்டைக் கையிலேந்தியவாறு கதவோரம் நின்றுகொண்டிருந்தான். எவருடைய குவளை காலியாகிறது என்று அவன் கண்கள் தேடிக்கொண்டிருந்தன. விடுதி அவனுக்குக் கற்பித்த நிலை அது.

நான் எழுந்து என் கதிரையைக் காட்டினேன். ஆசிரியனின் கதிரையில் அவன் எப்படி அமர்வான்? தலையை அசைத்து மறுத்து, இன்னும் சுவரோடு ஒட்டினான். அப்பொழுது, நாற்பது பிள்ளைகள் முன்னிலையில் நான் சொன்னதை நான்கு ஆசிரியர்கள் முன்னிலையில் மீளச் சொல்லி, அது பிழை என்றும் சொன்னேன். குரல் தடுமாறிற்று. அவன், "அதெல்லாம் பழசு சேர்" என்றான். ஆனால் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தான்.

சிக்கலை அவிழ்த்தவர் அம்மாதான். உள்ளே சென்று பெரிய பன்பாயைக் கொணர்ந்து நடுவே விரித்தார். "எல்லாரும் கீழ இரிங்க. நீயும் இரி மனே" என்றார். ஆசிரியர்கள் கதிரைகளை விட்டு இறங்கினர். அவனும் அமர்ந்தான். அம்மா ஒரு குவளையை எடுத்து, ஜாம் போத்தலில் எஞ்சியிருந்ததை ஊற்றி, கிணற்றடித் தேசியையும் வேலியோரத்து இளநீரையும் கூச்சமின்றி, இரு கைகளாலும் அவனுக்கு நீட்டினார். அவன் வாங்கி, "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிப் பருகினான். தான் கலந்ததைத் தன் நாவினால் அவன் சுவைத்ததை நான் அன்றுதான் கண்டேன்.

"புளி கொஞ்சம் கூடிப்போச்சு சேர்" என்றான்.

வரும் பருவத்திலாவது அவனுக்கும் அவன் தோழர்களுக்கும் நியமனக் கடிதம் கிடைக்கவேண்டும் என்று பொத்துவிலில் சில இளைஞர்கள் கூடிப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். விண்ணப்பங்களை எழுதிக்கொடுக்கும் பணியை நான் ஏற்றிருக்கிறேன். நான் கற்ற தமிழ் அதற்கேனும் உதவட்டும்.