நாலு போர்டு... ஒரு மொட்டை மாடி!

ஓ.எம்.ஆர். பக்கம் இருக்கிற காலேஜ்ல படிக்கிறீங்களா பாஸ்? அப்ப உங்களுக்கு ஒரு ரகசியம். தினமும் காலேஜ் பஸ்ல தூங்கி வழிஞ்சுட்டே கேளம்பாக்கத்தைத் தாண்டுறீங்களே, அங்கே இறங்கி இடது பக்கம் திரும்பினா, உப்பளத்தையும் கழியையும் கடந்து கொஞ்ச நேரத்துல கடல். ஊர் பேரு கோவளம். கேரளா கோவளம் இல்லீங்க, இது நம்ம கோவளம்!

மாதா கோயில், தர்கா, மீன் கூடையோட உட்கார்ந்திருக்கிற அம்மாக்கள், வரிசையா படகு... இதெல்லாம் எந்த மீனவ ஊர்லயும் பார்க்கலாம். ஆனா இங்கே படகுக்குப் பக்கத்துல கலர் கலரா சர்ஃப் போர்டுகளும் சாய்ஞ்சு நிக்கும். 2012-ல மூர்த்தி மேகவன்ங்கிற மீனவர் இங்கே சர்ஃப் ஸ்கூல் ஆரம்பிச்சார். 2013-ல இருந்து சர்ஃபிங் திருவிழா. ஜான்டி ரோட்ஸே வந்து அலை ஏறிட்டுப் போயிருக்கார்னா பார்த்துக்கோங்க.

நான் போனது அலை ஏற இல்லை. பஞ்சாயத்து பண்ண!

எங்க பெரியப்பா பையன் துரைப்பாக்கத்துல ஐ.டி. வேலையில இருக்கார். கல்யாணத்துக்கு முன்னாடி சர்ஃபிங் பைத்தியம். விடியக்காலை நாலரைக்கு எழுந்து கோவளம், ஒன்பதரைக்கு ஈரத் தலையோட ஆபீஸ். இப்போ ரெண்டு வயசுல பாப்பா, முதுகு வலி, நைட் கால். கடலுக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆகுது. மொட்டை மாடி ஷெட்ல நாலு போர்டு மட்டும் தூசி தின்னுட்டு இருக்கு. போன மாசம் அண்ணி தீர்ப்பு சொல்லிட்டாங்க. “ஒண்ணு இருக்கட்டும். மூணு போகணும். எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க!”

அண்ணன் எனக்குப் போன் போட்டார். “நீ மெக்கானிக்கல்தானேடா? கணக்குப் போட்டுச் சொல்லு.”

நாலும் யாருன்னு அறிமுகம் செஞ்சுடறேன். முதல்ல நீல கலர் சாஃப்ட் டாப், எட்டடி. கத்துக்குட்டிகளுக்கான போர்டு. மண்டையில பட்டாலும் பெருசா அடிபடாது. அண்ணன் முதல் முதலா எழுந்து நின்னது இதுலதான். ரெண்டாவது, ‘ஃபிஷ்’. குட்டையா, அகலமா, மீன் வால் மாதிரி ரெண்டா பிரிஞ்ச வால். சின்ன அலையிலகூட வேகம் எடுக்கும். ஆனா மூக்கு உடைஞ்சு, உள்ளே தண்ணி இறங்கி, ஃபோம் பழுப்பாயிடுச்சு. மூணாவது, ஆறடி ஷார்ட்போர்டு. பாலி டூர் போயிட்டு வந்த ஜோர்ல 48 ஆயிரம் கொடுத்து வாங்கினது. இன்னிக்கும் பளபளன்னு இருக்கு. ஏன்னா, ஓட்டினதே பத்து தடவைக்குள்ள! நாலாவது லாங்போர்டு. ஒன்பதடி ரெண்டு அங்குலம். ஊரைக் காலி பண்ணின ஒரு வெள்ளைக்காரர்கிட்ட பழசா வாங்கினது. வெயில்பட்டு பல்லு மாதிரி மஞ்சளாகிக் கிடக்கு.

ராத்திரி உட்கார்ந்து எக்ஸல் ஷீட் போட்டேன் மக்களே. வாங்கின விலை, இப்ப வித்தா வர்ற விலை, அடைக்கிற இடம், ரிப்பேர் செலவு... ரிசல்ட்: ஷார்ட்போர்டை வெச்சுக்கோ. இடம் கம்மி, விலை அதிகம், வித்தா நஷ்டமும் அதிகம். லாங்போர்டை முதல்ல தள்ளிவிடு! அண்ணனுக்கு ஏக சந்தோஷம். அவர் மனசுல இருந்ததும் அதான்.

ஞாயிற்றுக்கிழமை விடியறதுக்குள்ள நாலையும் ஒரு குட்டி யானையில ஏத்திக் கோவளம் போயிட்டோம். அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்த பையன் (பையன்தான், என்னைவிட ரெண்டு வயசுதான் பெரியவர். ஆனா எல்லாரும் ‘மாஸ்டர்’னுதான் கூப்பிடறாங்க) போர்டுகளைத் தடவிப் பார்த்தார். என் எக்ஸல் ஷீட்டை மொபைல்ல காட்டினேன். மரியாதையாப் பார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“நாலையும் தண்ணியில போடுங்கண்ணா. மணல்ல வெச்சுப் பார்த்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும்.”

காலை ஆறு மணி. கரையில இருந்து கடலைப் பார்த்து லேசா காத்து. இந்தக் காத்துதான் அலையோட முகத்தை வழவழன்னு ஆக்கும். வெயில் ஏறி கடல் காத்து திரும்பிட்டா, அலை எல்லாம் கலைஞ்சு போயிடும். அதான் இங்கே எல்லாரும் விடியக்காலையிலயே வந்துடறாங்க. அன்னிக்கு அலை இடுப்பு உயரம். நம்ம ஊர்ல பல நாள் இவ்வளவுதான்.

அண்ணன் ஷார்ட்போர்டோட இறங்கினார். படுத்தார். போர்டைக் காணோம்! அவர் மட்டும் நெஞ்சு வரை தண்ணியில மிதக்கிறார். கை போட்டு கை போட்டு, பக்கத்துல போன ஏழு அலையும் அவரைக் கண்டுக்காமலே போயிடுச்சு.

இங்கேதான் நம்ம ஆர்க்கிமிடீஸ் வர்றார். சர்ஃப் போர்டை லிட்டர்ல அளப்பாங்க, அதாவது கொள்ளளவு. கத்துக்கிறவருக்கு உடம்பு எடையில கிலோவுக்குச் சுமார் ஒரு லிட்டர் வேணும். தேறினவருக்கு அதுல பாதிகூட வேண்டாம். அந்த ஷார்ட்போர்டு 27 லிட்டர். அண்ணன் 81 கிலோ. வாங்கினப்போ 66-தான் இருந்தாராம். அப்பவே அது அவருக்கான போர்டு இல்லை. என் ஷீட்ல ரூபாய்க்கு நாலு காலம் போட்ட நான், லிட்டருக்கு ஒரு காலம்கூடப் போடலை. என்ன படிச்சு என்ன!

அண்ணன் மூச்சு வாங்க வெளியே வந்து உட்கார்ந்தப்போ, குப்பத்துப் பையன் ஒருத்தன், பன்னிரண்டு வயசு இருக்கும், ஷார்ட்போர்டையே பார்த்துட்டு நின்னான். மாஸ்டர் கண்ணைக் காட்டினதும் எடுத்துட்டு ஓடினான். முப்பத்தஞ்சு கிலோ இருப்பானா? மூணாவது அலையிலயே எழுந்து, பாறைப் பக்கத்துல இருந்து கரை வரைக்கும் வளைச்சு வளைச்சு வந்தான் பாருங்க... நான் விசில் அடிச்சேன். அண்ணன் அடிக்கலை. முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. 48 ஆயிரம் ரூபா போர்டு அப்படியெல்லாம் திரும்பும்னு அவர் அன்னிக்குத்தான் பார்க்கிறார்.

கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அப்புறம் லாங்போர்டை எடுத்துட்டுப் போனார். ரெண்டே தடவை கை போட்டார், அலை தூக்கிக்கிச்சு. பெருசா வித்தை எதுவும் இல்லை. சும்மா நின்னுட்டே வந்தார், பஸ் ஃபுட்போர்டுல நிக்கிற மாதிரி. ஆனா சிரிச்சுட்டே வந்தார். ஒரு மணி நேரம் கரைக்கே வரலை. ஃபிஷ்ஷும் சாஃப்ட் டாப்பும் மணல்லயே கிடந்தது. அதுங்களுக்கு டெஸ்ட்டே நடக்கலை!

(இடைவேளையில ஒரு துணுக்கு: அந்தக் காலத்து ஹவாய்ல அரச குலத்தார் ஓட்டின ‘ஓலோ’ங்கிற நீளப் பலகையை ‘விலிவிலி’ங்கிற மரத்துல செஞ்சாங்க. லேசான மரம். அது யாருன்னு நினைக்கறீங்க? நம்ம வேலியோரத்துல நிக்கிற கல்யாண முருங்கையோட ஒண்ணுவிட்ட தங்கச்சி!)

முடிவு என்னாச்சு? சாஃப்ட் டாப் ஸ்கூலுக்கு. புதுசா வர்றவங்க விழுந்து எழட்டும். ஃபிஷ்ஷை மாஸ்டர் எடுத்துக்கிட்டார். காய வெச்சு, மூக்கை அறுத்து, புது ஃபோம் ஒட்டி, ரெசின் பூசிடலாம்கிறார். ஷார்ட்போர்டுலதான் இழுபறி. விக்கலாம்னார் அண்ணன், உடனே வேண்டாம்னார், பாப்பா பெருசானதும் ஓட்டுமேன்னார். மாஸ்டர் ஒண்ணும் சொல்லலை. தூரத்துல அந்தப் பையன் போர்டை நல்ல தண்ணியில கழுவித் துடைச்சுட்டு இருந்தான். அண்ணன் எழுந்து போய் அவன்கிட்ட என்னவோ பேசினார். திரும்பி வந்தப்போ கையில ஒண்ணும் இல்லை. என்ன பேசினீங்கன்னு கேட்டேன். “ஃபின் சாவி வீட்டுல இருக்கு, அடுத்த வாரம் கொண்டாறேன்னு சொன்னேன்”னார். அவ்வளவுதான்.

லாங்போர்டு? அதுவும் வீட்டுக்கு வரலை. ஒன்பதடியை மொட்டை மாடியில இருந்து இறக்கி, வண்டி பிடிச்சு எடுத்துட்டு வர்ற அலுப்புலயே பாதி ஆசை போயிடுதுன்னு கண்டுபிடிச்சார். மாசம் கொஞ்சம் வாடகை கொடுத்து ஸ்கூல் ஸ்டாண்டுலயே நிறுத்திட்டார். வெயில் படாத பக்கம்.

காலி குட்டி யானையில திரும்பும்போது அண்ணி போன். “தம்பி, எத்தனை திரும்பி வருது?”

“பூஜ்யம் அண்ணி!”

அந்தப் பக்கம் நம்பவே இல்லை.

அண்ணன்கிட்ட, “அடுத்த ஞாயிறு போகலாமாண்ணே?”ன்னேன். “பார்க்கலாம்டா” என்றார். இதை எழுதறதுக்குள்ள மூணு ஞாயிறு போயிடுச்சு. ஒண்ணுக்கு வந்தார், ஃபின் சாவியோட.