கடல் ஆற்றிய குளம்புகள்

லிவர்பூலிலிருந்து சவுத்போர்ட் போகும் ரயிலில், ஊர் தாண்டியதும் இடப்பக்கம் மணல்மேடுகள் கூடவே வரத் தொடங்குகின்றன. ஃபார்ம்பி, ஐன்ஸ்டேல், ஹில்சைடு என்று சின்னச் சின்ன நிலையங்கள். பர்க்டேலில் இறங்கி மேற்கே நடந்தால் கடற்கரை. ஆனால் நான் போய்ச் சேர்ந்த நேரத்தில் கடலைக் காணோம். நீர் வற்றும் வேளையில் ஐரிஷ் கடல் இங்கே கண்ணுக்கு எட்டாத தொலைவுக்குப் போய்விடுகிறது. அது விட்டுச் சென்ற ஈர மணல் இறுகி, வரிவரியாக, வானத்தின் சாம்பல் நிறத்தை அப்படியே வாங்கிக்கொண்டு கிடக்கிறது. காற்று மட்டும் ஓயவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். பாதம் புதையவும் இல்லை, உறுத்தவும் இல்லை. ஒவ்வொரு அடியையும் மணல் மெல்ல வாங்கித் திருப்பிக் கொடுத்தது.

இந்த மணலில் நடப்பதற்காகவே இவ்வளவு தூரம் வந்தேன். ரெட் ரம் என்ற குதிரை ஓடிப் பழகிய மணல் இது.

குதிரைப் பந்தயம் என்றதும் நமக்குத் தோன்றுவது சமமான புல்தரையில் இரண்டு நிமிடத்தில் முடிந்துபோகும் ஓட்டம்தான். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இன்னொரு வகை இருக்கிறது. வழியெங்கும் தடுப்புகள், பள்ளங்கள். எல்லாவற்றையும் தாண்டிக்கொண்டு மைல் கணக்கில் ஓட வேண்டும். அத்தகைய பந்தயங்களில் எல்லாவற்றிலும் பெரியது லிவர்பூல் ஓரத்திலுள்ள ஐன்ட்ரீயில் 1839 முதல் நடக்கும் கிராண்ட் நேஷனல். ரெட் ரம் ஓடிய காலத்தில் அது ஏழு கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான தூரம், 30 தாண்டல்கள். புறப்பட்ட குதிரைகளில் பெரும்பாலும் பாதிகூடக் கடைசிவரை வந்ததில்லை. அதில் ஒருமுறை வென்றாலே குதிரையின் பெயர் நிலைத்துவிடும். ரெட் ரம் மூன்று முறை வென்றான்: 1973, 1974, 1977. நடுவில் இருந்த இரண்டு வருடங்களிலும் இரண்டாம் இடம்.

இதற்காகப் பிறந்தவனே இல்லை அவன். 1965 மே மாதம் அயர்லாந்தின் கில்கென்னி மாவட்டத்தில் பிறந்தான். தந்தை குவோரம் ஒரு மைல் பந்தயங்களில் பேர் வாங்கிய வேகக்காரன். குட்டியையும் வேகத்துக்காகவே 400 கின்னிக்கு வாங்கினார்கள். இரண்டு வயதில், ஐந்து ஃபர்லாங் மட்டுமே உள்ள தட்டைப் பந்தயத்தில் முதல்முறையாக ஓடினான். இன்னொரு குதிரையோடு சேர்ந்தாற்போல் முதலில் வந்தான். அந்த ஓட்டம் நடந்த இடமும் ஐன்ட்ரீதான், 1967 கிராண்ட் நேஷனலுக்கு முந்தைய நாள். ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கென்று வாங்கப்பட்ட குட்டி அதே மைதானத்தில் ஏழு கிலோமீட்டர் ஓடிப் புகழ் பெறுவான் என்று அன்றைக்கு அங்கே யாருக்குத் தோன்றியிருக்கும்?

பிறகு தடுப்புப் பந்தயங்களுக்கு மாற்றினார்கள். லாயங்கள் மாறின, பயிற்சியாளர்கள் மாறினார்கள். இடையில் கால்நோய் வந்தது. பெடல் ஆஸ்டைட்டிஸ் என்பார்கள். குளம்புக்குள் ஒளிந்திருக்கும் எலும்பில் அழற்சி கண்டு, அது ஓரத்திலிருந்து தேய்ந்துகொண்டே போகும். தரையில் அடி விழும்போதெல்லாம் வலிக்கும். முழுதாகக் குணமாகாது. தாண்டிக் குதித்து, அரை டன் உடம்பை முன்னங்கால்களில் இறக்க வேண்டிய குதிரைக்கு இதைவிடக் கெட்ட நோய் வேறு இருக்க முடியாது.

இந்த இடத்தில் கதைக்குள் வருகிறார் ஜிஞ்சர் மெக்கெய்ன். சவுத்போர்ட்டில் டாக்சி ஓட்டியவர், பழைய கார் வாங்கி விற்றவர். பர்க்டேலில் அவருடைய கார்க் கடைக்குப் பின்புறம்தான் லாயம். சனிக்கிழமை இரவுகளில் அவருடைய டாக்சியில் வழக்கமாக ஏறுபவர் நோயல் லெ மேர் என்ற பணக்கார முதியவர். அவருக்கு இளமையில் மூன்று ஆசைகள்: அழகான பெண்ணை மணக்க வேண்டும், கோடீஸ்வரனாக வேண்டும், கிராண்ட் நேஷனல் வெல்ல வேண்டும். முதல் இரண்டும் நிறைவேறி, வயது எண்பதைத் தாண்டியபோதும் மூன்றாவது மிச்சமிருந்தது. 1972 ஆகஸ்டில் டான்காஸ்டர் ஏலத்தில் அவருக்காக மெக்கெய்ன் 6,000 கின்னி கொடுத்து ரெட் ரம்மை எடுத்தார். நோயைப் பற்றி மெக்கெய்னுக்குத் தெரியாது.

கடற்கரைக்குக் கொண்டுவந்து ஓட்டிப் பார்த்தபோது குதிரை நொண்டியது. மெக்கெய்ன் அவனைக் கடலுக்குள் இறக்கச் சொன்னார். இந்தக் கரையில் வண்டியிழுத்த குதிரைகளின் கால் உபாதைகள் உப்புத்தண்ணீரில் நின்று சரியாவதை அவர் சிறுவயதிலிருந்தே பார்த்தவர். தண்ணீரில் நடந்துவிட்டு வெளியே வந்த ரெட் ரம் நொண்டவில்லை. அந்த இலையுதிர்காலத்திலேயே வரிசையாக ஐந்து பந்தயங்களில் வென்றான்.

அதிசயம் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. இங்கே நின்று பார்த்தால் காரணம் காலுக்கடியிலேயே இருக்கிறது. குளிர்ந்த நீர் வீக்கத்தை இறக்கும். ஈர மணல் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். அவன் ஓடும் தடத்தை மட்டும் மெக்கெய்ன் பரம்படித்து இளக்கிவைப்பார். பெரிய பயிற்சியாளர்களிடம் பச்சைப்பசேலென்று புல்வெளி இருந்தது. வெயில் காயும் மாதங்களில் அது இறுகிவிடும். இந்தக் கார் வியாபாரியிடம் தினமும் இரண்டு முறை கடல் வந்து புதிதாக்கிவிட்டுப் போகும் தரை இருந்தது. வேறு எந்த ஊர் லாயத்துக்குப் போயிருந்தாலும் ரெட் ரம்மின் ஓட்டம் சில மாதங்களில் முடிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

நாயோடு நடந்து வந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். எதற்காக வந்திருக்கிறேன் என்பதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"நான் பையனா இருந்தப்ப காலையில பள்ளிக்கூடம் போற வழியில குதிரைகள் எதிர்ல வரும். தெரு வழியாத்தான் கூட்டிட்டு வருவாங்க. காரெல்லாம் நின்னு வழிவிடும்" என்றார்.

"எது ரெட் ரம்னு தெரியுமா உங்களுக்கு?"

"ஊர்ல யாருக்குத் தெரியாது? காதை முன்னால நீட்டிக்கிட்டு, எல்லாத்தையும் வேடிக்கை பார்த்துக்கிட்டே வருவான்."

மறுநாள் ஐன்ட்ரீ. லிவர்பூலிலிருந்து ஆர்ம்ஸ்கர்க் போகும் இன்னொரு ரயில் பாதை. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் சாலைக்கு எதிர்ப்புறமே பந்தய மைதானம். நாட்டின் மிகப் பெரிய குதிரைப் பந்தயம் ஏதோ பசுமையான கிராமத்தில் நடக்கும் என்று கற்பனை செய்து வைத்திருந்தேன். இங்கேயோ சுற்றிலும் வீடுகள், தொழிற்பேட்டைகள், ஒரு பக்கத்தில் லீட்ஸ்–லிவர்பூல் கால்வாய். அந்தக் கால்வாய்க்குள் போய் விழாமலிருக்கக் குதிரைகள் தாண்டிய வேகத்திலேயே இடப்பக்கம் செங்குத்தாகத் திரும்ப வேண்டிய தடுப்பும் உண்டு.

பார்வையாளர் மாடத்துக்கு முன்னால் இருக்கும் 'சேர்' என்ற தடுப்பின் அருகே நின்றேன். உயரம் 5 அடி 2 அங்குலம். அதற்கு முன்னால் 6 அடி அகலப் பள்ளம். தடுப்பு என் மூக்குவரை வந்தது. ஸ்புரூஸ் மரக்கிளைகள் அடர்த்தியாகச் செருகிய பச்சைச் சுவர். அப்பால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. முதுகில் ஆளைச் சுமந்துகொண்டு ஓடிவரும் குதிரை எதை நம்பிக் காலைத் தூக்குகிறது? வேறு வகைச் சோதனை பீச்சர்ஸ் புரூக் என்ற தடுப்பு. அங்கே இறங்கும் பக்கம் ஏறும் பக்கத்தைவிடத் தாழ்வு. ரெட் ரம் காலத்தில் இன்னும் ஆழமாக, ஓடையை நோக்கிச் சரிந்து இருந்தது. இருக்க வேண்டிய இடத்தில் தரை இல்லாமல் முன்னங்கால் மடங்கி விழுந்த குதிரைகள் எத்தனையோ.

1973 மார்ச் 31. அன்று பந்தயத்தை ஆண்டவன் ரெட் ரம் அல்ல, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிறிஸ்ப். இந்தப் பந்தயத்தில் திறமைக்கேற்பச் சுமை ஏற்றுவார்கள். கிறிஸ்ப்பின் முதுகில் ஜாக்கியோடு சேர்த்து 76 கிலோ. ரெட் ரம்முக்கு 66. அந்தச் சுமையோடும் கிறிஸ்ப் முதல் சுற்றிலேயே மற்றவர்களை விட்டுப் பிரிந்து போனான். கடைசித் தடுப்பைத் தாண்டும்போதும் பதினைந்து குதிரை நீளத்துக்குக் குறையாமல் முன்னால் இருந்தான்.

ஆனால் ஐன்ட்ரீயில் கடைசித் தடுப்போடு எதுவும் முடிவதில்லை. அதற்குப் பிறகு 494 கஜம். நடுவில் ஒரு வளைவு, பிறகு முடிவுக்கம்பம் வரை நேர்த்தடம். நான் அந்த ஓரமாகவே நடந்து போனேன். வெறுமனே நடப்பதற்கே நீளமாக இருந்தது. கிறிஸ்ப்பின் கால்கள் தளர்ந்தது இங்கேதான். உசுப்புவதற்காக ஜாக்கி டிக் பிட்மன் சாட்டையைக் கையில் எடுத்தபோது அவன் வழி பிசகி இடப்பக்கம் ஒதுங்கினான். அது தன் தவறு என்று பிட்மன் பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பின்னால் பிரையன் ஃப்ளெட்சர் ஓட்டிய ரெட் ரம் விடாமல் வந்துகொண்டிருந்தான். முடிவுக்கம்பத்துக்குச் சில அடிகளே இருந்தபோது முந்தினான். வித்தியாசம் முக்கால் நீளம். நேரம் 9 நிமிடம் 1.9 விநாடி. அதுவரை இருந்த சாதனையை இருவருமே பதினெட்டு விநாடிக்கும் மேலாக முறியடித்துவிட்டார்கள். மூன்றாவதாக வந்த லெஸ்கார்கோ இருபத்தைந்து நீளம் பின்னால். அவனும் சாதாரணக் குதிரை இல்லை, செல்டனம் தங்கக் கோப்பையை இரண்டு முறை வென்றவன்.

அந்த ஓட்டத்தின் படச்சுருளைப் பார்க்கும்போதெல்லாம் என் மனம் கிறிஸ்ப்பின் பக்கமே சாய்கிறது. அதே ஆண்டு நவம்பரில் டான்காஸ்டரில் இருவரும் சம சுமையோடு மோதினார்கள். கிறிஸ்ப் வென்றான். 1973ல் ஓடியவர்களில் சிறந்த குதிரை அவன்தான். ரெட் ரம்மின் பெருமையை அந்த ஒரு வெற்றியில் தேடக்கூடாது. அடுத்த ஆண்டு அதே 76 கிலோவை அவன் முதுகில் ஏற்றினார்கள். லெஸ்கார்கோவை ஏழு நீளத்தில் தோற்கடித்தான். மூன்றே வாரத்தில் ஸ்காட்லாந்து போய் அங்குள்ள கிராண்ட் நேஷனலையும் வென்றான். அதற்குப் பிறகு அவனைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

1975ல் தரை சேறாக இருந்தது. அவனுக்குச் சேறு பிடிக்காது. லெஸ்கார்கோ பழிதீர்த்தான். 1976ல் ராக் டிரேட் முந்தினான். அந்த வருடங்களில் மைதானமே இருக்குமா என்ற நிலை. 1973ல் கட்டுமான முதலாளி ஒருவர் வாங்கியிருந்தார். அங்கே வீடுகள் எழும்பும் என்ற அச்சம் ஆண்டுதோறும் வந்து போனது. டிக்கெட் விலை மும்மடங்காகி, கூட்டம் வற்றியது. ஜாக்கி கிளப் 1983ல் வாங்கும்வரை இந்தப் பந்தயத்தை மக்கள் மறந்துவிடாமல் வைத்திருந்ததில் ரெட் ரம்முக்குப் பெரும் பங்கு உண்டு.

1977 ஏப்ரல் 2. அவனுக்குப் பன்னிரண்டு வயது. பன்னிரண்டில் பெரும்பாலான குதிரைகள் ஓய்ந்துவிடும். இம்முறை ஜாக்கி டாமி ஸ்டாக். அவர் இதே ரெட் ரம்முக்கு முன்பொரு சமயம் கொஞ்ச காலம் பயிற்சியாளராகவும் இருந்தவர். இரண்டாம் சுற்றில் வெகுதூரம் முன்னால் போய்க்கொண்டிருந்த ஆண்டி பாண்டி பீச்சர்ஸ் புரூக்கில் விழுந்தான். ரெட் ரம் அவனைக் கடந்து தனியாளாக வந்தான். ஆளில்லாமல் ஓடிய குதிரைகள் குறுக்கே வந்தபோதும் தடுமாறவில்லை. இருபத்தைந்து நீள வித்தியாசம். ஐந்து கிராண்ட் நேஷனல்கள், 150 தாண்டல்கள், ஒருமுறையும் அவன் விழவில்லை. ஒவ்வோர் அடியிலும் வலி என்னவென்று தெரிந்த குதிரை, எங்கே காலை வைக்கிறோம் என்பதில் மற்றவர்களைவிடக் கவனமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. மருத்துவர்கள் ஒப்புவார்களோ என்னவோ, அந்த எண்ணத்தை என்னால் விட முடியவில்லை.

அடுத்த ஆண்டு பந்தயத்துக்கு முந்தைய நாள் எலும்பில் மயிரிழை விரிசல் கண்டு ஓய்வு கொடுத்தார்கள். அதற்குப் பிறகு கடைத்திறப்பு, ஊர்வலம் என்று ஒரு சினிமா நட்சத்திரத்தின் வாழ்க்கை. 1995 அக்டோபரில் முப்பது வயதில் இறந்தான். முடிவுக்கம்பத்தருகே புதைத்திருக்கிறார்கள். மைதானத்தில் அவனுடைய வெண்கலச் சிலை இருக்கிறது. வடித்தவர் ஃபிலிப் பிளாக்கர். 1973ல் நான்காவதாக வந்த குதிரையில் இருந்த ஜாக்கி அவர். அவன் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே ஓடியவர் வடித்த அந்தச் சிலையை நான்கு பக்கமும் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கழுத்தின் திமிரை அப்படிப் பிடிக்க வேறொருவரால் முடிந்திருக்காது.

ரெட் ரம் வென்ற அந்த 1977 பகலில் இரண்டு குதிரைகள் இதே தடத்தில் உயிரை விட்டன. அவற்றுக்கு இங்கே சிலை இல்லை. இவனைக் கொண்டாடும்போது அவற்றையும் நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. பின்னாளில் பீச்சர்ஸ் புரூக்கின் பள்ளத்தை நிரப்பினார்கள். 2013ல் தடுப்புகளுக்குள் இருந்த மரக்கட்டைகளை எடுத்துவிட்டு வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் குச்சிகளை வைத்தார்கள். 2024 முதல் 40 குதிரைகளுக்குப் பதில் 34 மட்டுமே ஓடுகின்றன. பழைய ஐன்ட்ரீ போய்விட்டதே என்று வருந்துபவர்கள் உண்டு. நான் வருந்தவில்லை. 2018லும் 2019லும் வென்ற டைகர் ரோல் என்ற குதிரை ரெட் ரம்மைப் போல மூன்றாவதையும் வெல்வான் என்று எதிர்பார்த்திருந்தார்கள். 2020ல் கொரோனாவால் பந்தயமே நடக்கவில்லை. வரும் ஆண்டுகளில் யாராவது மூன்றை எட்டலாம், நான்கையும் எட்டலாம். இளகிய தடுப்புகளைத் தாண்டி எட்டினாலும் அந்தக் குதிரைக்கு நான் முழு மனதோடு கைதட்டுவேன்.