பாறைக்குள் சோடா கேஸ்!

சோடா பாட்டிலைத் திறந்ததும் 'புஸ்'ஸென்று கிளம்புமே, அந்த கேஸ்தான் ஸார் இன்றைக்கு உலகத்துக்கே தலைவலி. கார்பன் டை ஆக்ஸைடு! புகைபோக்கியிலேயே அதை மடக்கிப் பிடித்து, அமுக்கி, பூமிக்குள் இறக்கிவிட்டால் வானம் சூடாகாது என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

ஓசூர் ஆபீஸில் படித்த இந்த விஷயத்தைப் பொங்கல் லீவில் ஏரியூருக்குப் போனபோது சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் தோட்டத்தில் ஆயிரம் அடிக்குப் போட்ட போர் இரண்டு, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் மூடிக் கிடக்கின்றன. இரண்டுமே கடன்.

"ஏண்டா, தெக்கே மேட்டூர்ல அனல் மின் நிலையம் இருக்குதே... அந்தப் பொகைய நம்ம போர்ல விட்டுக்கச் சொல்லேன். மாச வாடகை குடுத்தா வட்டியாச்சும் கட்டிருவேன்!"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஆழம் பத்தாது சித்தப்பா. 800 மீட்டராவது, அதாவது 2,600 அடி போகணும். அங்கே இருக்கிற அழுத்தத்துலதான் கேஸ் சுருங்கி, திரவம் மாதிரி கனமாகும். அதோட, நம்ம ஊர்ல கருங்கல் பாறை. விரிசல்ல மட்டும்தான் தண்ணி ஓடும். கேஸுக்கு வேண்டியது ஸ்பாஞ்ச் மாதிரி மணற்பாறை, மேலே மூடியாக இறுகின களிப்பாறை. அந்த மாதிரி அடுக்கெல்லாம் கிழக்கே டெல்டா பக்கம்."

"சரி, உள்ளே விட்டது எங்கே போவும்னு எவன் பார்த்தான்?"

அதானே கேள்வி! பார்க்க முடியாது, கணக்குப் போடலாம். பாறையைக் கம்ப்யூட்டரில் லட்சக்கணக்கான கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் வரவு, செலவு, இருப்பு. நம் ஆபீஸ் லெட்ஜரேதான்! ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு எவ்வளவு நகரும் என்பதற்கு ஃபிரெஞ்சு எஞ்ஜினீயர் டார்சி 1856-ல் வெளியிட்ட விதி. டிஜோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த மனிதர், மணல் நிரப்பிய குழாயில் தண்ணீர் விட்டுக் கண்டுபிடித்தது.

உள்ளே போன கேஸ், அங்கிருக்கும் உப்புத் தண்ணீரைவிட லேசு. அதனால் மேலே ஏறப் பார்க்கும். கொஞ்சம் மணல் இடுக்கில் மாட்டிக்கொள்ளும், கொஞ்சம் தண்ணீரில் கரையும், கொஞ்சம் கல்லாகவே மாறும். ஐஸ்லாந்தில் 2012-ல் எரிமலைப் பாறைக்குள் செலுத்திப் பார்த்ததில், 95 சதவிகிதத்துக்கு மேல் இரண்டே வருஷத்தில் கல்லாகிவிட்டது!

"கணக்கு சொன்னா நடந்துருமா? ரெண்டு போருக்கும் கையில தேங்கா நட்டுக்கிட்டு நின்னுச்சேடா!" என்றார் சித்தப்பா.

நியாயம்தான். நார்வேக்காரர்கள் வடகடலுக்கு அடியில் ஸ்லைப்னர் என்ற இடத்தில் 1996-லிருந்து கேஸை இறக்க ஆரம்பித்தார்கள். வருஷத்துக்கு ஏறக்குறைய பத்து லட்சம் டன். 1999-ல் ஒலி அலை அனுப்பிப் படம் எடுத்தால், நடுவிலிருந்த மெல்லிய களி அடுக்குகளைத் தாண்டி, ஒன்பது தட்டாகப் பரவி உச்சிக்கே வந்துவிட்டிருந்தது! நல்லவேளை, தடிமனான மேல்மூடி தாங்கியது. படத்தை வைத்துக் கணக்கைத் திருத்தினார்கள். மறுபடி படம், மறுபடி திருத்தம். தேங்காய்க்கும் கம்ப்யூட்டருக்கும் வித்தியாசம் அங்கேதான். தேங்காய்க்கு ஆடிட்டிங் கிடையாது!

ஆடிட்டிங் ஏன் முக்கியம் என்று தர்மபுரிக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டாம். எங்கள் பாறையிலிருக்கும் ஃப்ளோரைடு தண்ணீரில் கரைந்துதான் எத்தனையோ பேருக்குப் பல் மஞ்சளாச்சு, எலும்பு வளைஞ்சுது. கார்பன் டை ஆக்ஸைடு கலந்த தண்ணீர் லேசான அமிலம். பாறையிலிருந்து எதையாவது கரைத்து இழுத்து வரலாம். அது மேலே கசிந்து குடிதண்ணீர் ஊற்றில் கலந்தால்?

புகையைப் பூமிக்குள் புதைப்பது வேண்டாத வேலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாளைக்கு நாகப்பட்டினம் பக்கமோ வேறெங்கோ கலர் கலராகப் படம் காட்டி, "எல்லாம் பத்திரம்" என்று ஒருத்தர் சொன்னால், கைதட்டுவதற்கு முன்னால் மூன்றே கேள்வி கேளுங்கள்: இதை வருஷா வருஷம் அளக்கப்போவது யார்? எத்தனை வருஷத்துக்கு? கணக்கு தப்பினால் அந்த ஊருக்குத் தண்ணீர் யார் கொடுப்பார்கள்?